தளரும்போது எழுவது

1980-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பரிசோதனை முறை வெளியானது. அதற்கு வேண்டிய கருவி தபால் நிலையத்தில் கிடைக்கும். கிழிக்காத தபால்தலைகள் சிலவற்றை ஒரே பட்டையாக எடுத்து, படுக்கப்போகும் முன் ஆணுறுப்பைச் சுற்றி வளையம்போல ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்து பார்க்கும்போது, தலைக்கும் தலைக்கும் நடுவே உள்ள ஊசித்துளை வரிசையில் பட்டை அறுந்திருந்தால், இரவில் விறைப்பு வந்து போயிருக்கிறது என்று பொருள். அப்படியே இருந்தால் ரத்தக்குழாயிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம், மேலே சோதித்துப் பார்க்க வேண்டும். தூக்க ஆய்வகத்தில் இரவு முழுக்கக் கம்பிகளை மாட்டிக்கொண்டு படுக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆனது சில்லறைக் காசு.

சிரிப்பு வரலாம். ஆனால் சோதனையின் அடியில் இருக்கும் யோசனை கூர்மையானது. விழித்திருக்கும்போது முடியவில்லை என்று சொல்லும் ஆணுக்கு, தூங்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்றால், உறுப்பில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. விழித்திருக்கும்போது மட்டும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது.

அப்படியானால் தூக்கத்தில் என்னதான் நடக்கிறது? 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும், மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் துள்ளும் ஒரு வகைத் தூக்கத்தைக் கண்டு எழுதினார்கள். கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இன்னொன்றும் தெளிவாயிற்று. அந்தத் தூக்கம் வரும்போதெல்லாம் ஆணுக்கு விறைப்பும் வருகிறது. ஆரோக்கியமான இளைஞனுக்கு ஒரே இரவில் மூன்று முதல் ஐந்து தடவை வரும், ஒவ்வொன்றும் கால் மணி, அரை மணி நீடிக்கும். கனவு காமக் கனவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்குப் பரீட்சைக்குப் படிக்காமல் போய் உட்கார்ந்ததாகக் கனவு வந்தாலும் கீழே அது பாட்டுக்கு நடக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவிடமும் ஸ்கேனில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எழுபது வயதிலும் இது நின்றுவிடுவதில்லை, குறையத்தான் செய்கிறது. காலை விறைப்புக்கு மூத்திரம் முட்டுவதே காரணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது அன்றிரவின் கடைசிக் கனவுத் தூக்கத்தின் மிச்சம்தான்.

காரணத்தைத் தேடிப் போனால், நம் ஊர் ஆண்கள் காலங்காலமாக நம்பிவந்ததற்கு நேர் எதிரான ஒன்று அங்கே இருக்கிறது. ஆணுறுப்பு துவண்டு கிடக்கும்போதுதான் அதன் தசை வேலை செய்துகொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் மென்தசையும் குட்டித் தமனிகளின் சுவர்களும் பகல் முழுவதும் இறுகியே இருக்கின்றன. பரிவு நரம்புகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டு அவற்றை இறுக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பிடி விட்டால்தான் விறைப்பு. கனவுத் தூக்கத்தில் மூளையின் நார்அட்ரினலின் செல்கள் ஏறக்குறைய முழுசாக மௌனமாகிவிடுகின்றன. பிடி தளர்கிறது, ரத்தம் உள்ளே வருகிறது.

அந்த ரத்தம் சும்மா வந்து போவதில்லை. துவண்ட நிலையில் அங்கே இருப்பது ஆக்சிஜன் குறைந்த, சிரைகளில் ஓடுவதைப் போன்ற ரத்தம். விறைக்கும்போது தமனி ரத்தம் பாய்ந்து ஆக்சிஜன் அளவு இரண்டு மூன்று மடங்காகிறது. ஆகவே இரவு விறைப்பு என்பது அந்தத் திசுவுக்கு உடல் தானாகவே போடும் சாப்பாடு என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சையில் நரம்பு அடிபட்டு மாதக்கணக்கில் விறைப்பு நின்றுபோனவர்களுக்கு, உள்ளே தசை குறைந்து நார்த்திசு ஏறிவிடுகிறது.

இனி உறுப்பின் அமைப்பைப் பார்ப்போம். நீளவாக்கில் இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உள்ளே பஞ்சு போன்ற, ஆயிரக்கணக்கான சிற்றறைகள் கொண்ட திசு. அதற்கு மேல் கெட்டியான ஒரு வெண்ணிற உறை. தசை தளர்ந்ததும் தமனிகள் விரிந்து அறைகள் நிரம்பி உப்புகின்றன. ரத்தத்தை வெளியே எடுத்துப் போகும் மெல்லிய சிரைகள் அந்த உறைக்கு ஒட்டினாற்போல அடியில் ஓடுவதால், உப்பிய திசு அவற்றை உறையோடு வைத்து நசுக்கிவிடுகிறது. வரும் வழி திறந்திருக்கிறது, போகும் வழி மூடிக்கொள்கிறது. வால்வு என்று தனியாக ஒன்று கிடையாது. நிரம்புவதே அடைப்பாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்ந்தபாடில்லை.

நாய்க்கும் எலிக்கும் பல குரங்குகளுக்கும் அங்கே எலும்பு உண்டு. வால்ரஸ் என்ற துருவக் கடல் விலங்குக்கு அந்த எலும்பு மட்டும் 60 சென்டிமீட்டர் வரை போகும். மனிதனுக்கு எலும்பு இல்லை. பிறகு வளையாமல் நிற்பது எப்படி? அமெரிக்க உயிரியலாளர் டயேன் கெல்லி 1990-களில் ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய விலங்கின் உறுப்பை நுண்ணோக்கியில் வைத்து இதற்கு விடை கண்டார். மண்புழு மாதிரி திரவம் நிரம்பிய உடல்களில் சுவரின் நார்கள் வழக்கமாகத் திருகுச்சுருளாகச் சுற்றியிருக்கும். அதனால்தான் அவை நீளவும் நெளியவும் முடிகிறது. ஆணுறுப்பின் உறையிலோ நார்கள் ஊடும் பாவுமாக, ஒன்று நீளவாக்கிலும் இன்னொன்று குறுக்குவாக்கிலும் செங்கோணத்தில் நெய்யப்பட்டிருக்கின்றன. துவண்ட நிலையில் நார்கள் மடிந்து கிடக்கும், நிரம்பியதும் முறுக்கேறி நேராகும். அதற்கு மேல் நீளாது, சுலபத்தில் வளையாது. முரட்டுத்தனமாக மடக்கினால் இந்த உறைதான் கிழியும். சொடக்கென்ற சத்தம், உடனே வலி, வீக்கம், கருநீல நிறம் என்று வந்தால் கூச்சம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தையல் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

விறைப்புக்குக் காரணம் காற்று என்றுதான் ஐரோப்பாவில் வெகுகாலம் நம்பினார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களைப் பார்த்த லியனார்டோ டாவின்சி, உள்ளே இருப்பது ரத்தம் என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ரத்தம் வருவது சரி, எது அதை வரவிடுகிறது என்ற கேள்வி இன்னும் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகள் காத்திருந்தது. அதற்கான விடை உலகத்தின் முன்னால் வந்த விதம் மருத்துவ வரலாற்றின் தர்மசங்கடமான மாலைப்பொழுதுகளில் ஒன்று.

1983, லாஸ் வேகாஸ். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் மாநாடு. பிரிட்டிஷ் உடலியங்கியல் பேராசிரியர் கைல்ஸ் பிரிண்ட்லி பேச வந்தார், விளையாட்டு வீரர் போடும் தொளதொள டிராக் சூட்டில். பார்வையற்றவர்களின் மூளையில் மின்முனைகளைப் பதித்து ஒளிப்புள்ளிகளைக் காட்டிய முன்னோடி அவர். ஓய்வு நேரத்தில் புதுவகை இசைக்கருவி கண்டுபிடித்தவரும்கூட. பேச்சுக்குப் பின் விருந்து இருந்ததால் பலர் மனைவியரோடு அலங்காரமாக வந்திருந்தார்கள். நார்அட்ரினலினைத் தடுக்கும் மருந்துகளையும் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்துகளையும் தன் உறுப்பிலேயே ஊசியாகப் போட்டுப் பார்த்திருப்பதாகச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்லைடுகளைக் காட்டினார் பிரிண்ட்லி. படத்தில் இருப்பது மருந்தின் விளைவா, வேறு கிளர்ச்சியா என்று சபை சந்தேகப்படலாம் அல்லவா? அதற்கும் தயாராக வந்திருந்தார். மேடையேறும் முன் ஓட்டல் அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டாயிற்று. பெருங்கூட்டத்தின் முன் சொற்பொழிவு ஆற்றுவது யாருக்கும் காமத்தைக் கிளப்பாது என்று விளக்கிவிட்டு, கால்சட்டையை இறக்கிக் காட்டினார். தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம் என்று முன்வரிசையை நோக்கி நடந்தும் போனார். பெண்கள் அலறினார்கள். அலறலில் தன்னிலைக்கு வந்தவர் அவசரமாக உடையை ஏற்றிக்கொண்டு பேச்சை முடித்தார்.

கேலிக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆனால் அந்த மாலையில் நிரூபணமான விஷயம் பெரியது. ஆசை, தொடுகை, கற்பனை எதுவும் இல்லாமல், மென்தசையை மட்டும் தளர்த்தினாலே போதும். அதற்கு முந்தைய ஆண்டே பாரிஸ் அறுவை சிகிச்சை நிபுணர் ரொனால்டு விராக், பப்பாவெரின் என்ற தளர்த்தி மருந்தில் இதே விளைவைக் கண்டு எழுதியிருந்தார். மனப்பிரச்சினை என்றே ஒதுக்கப்பட்டுவந்த ஆண்மைக்குறைவு, ரத்தக்குழாய் மருத்துவத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

உடல் தானாகத் தளர்த்த எதைப் பயன்படுத்துகிறது? நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். வண்டிப் புகையிலும் இருக்கும் இந்த எளிய வாயு உடலுக்குள் செய்தி கொண்டுபோகிறது என்று சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. ஆசை வந்ததும் ஆணுறுப்பின் நரம்பு முனைகள் இதை வெளிவிடுகின்றன. ரத்தம் பாயத் தொடங்கியதும் குழாய்களின் உட்சுவரும் சேர்ந்து வெளிவிடுகிறது. அது தசைச் செல்லுக்குள் புகுந்து சிஜிஎம்பி என்ற மூலக்கூறைப் பெருக்க, தசை தளர்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரீத் முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை நிறுவிய நோபல் காசு சம்பாதித்ததே நைட்ரோகிளிசரினை வெடிமருந்தாக்கி. கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு மருத்துவர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்ததும் நைட்ரோகிளிசரினைத்தான். அது நெஞ்சுவலியைக் குறைப்பது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறுவதால் என்பது அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது.

அதே 1998 மார்ச்சில்தான் அமெரிக்க அரசு வயாகராவுக்கு அனுமதி தந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வகம் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய மருந்து அது. நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் சோதனைக்கு வந்த ஆண்கள் பக்கவிளைவுகளைச் சொல்லும்போது தயங்கித் தயங்கி விறைப்பையும் சொன்னார்கள். சிஜிஎம்பியைச் சிதைக்கும் நொதி ஒன்று ஆணுறுப்பில் ஏராளமாக இருக்கிறது. மருந்து அந்த நொதியைத் தடுக்கிறது, சிஜிஎம்பி நின்று வேலை செய்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, மாத்திரை எதையும் புதிதாகத் தொடங்கிவைப்பதில்லை என்பது. ஆசை வந்து நரம்பு நைட்ரிக் ஆக்சைடை விட்டால்தான் மாத்திரைக்கு வேலையே. விழுங்கிவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நம் வீடுகளில் பெரியவர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அது நைட்ரேட். வயாகரா வகை மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால், இந்த மாத்திரை போட்டிருப்பதை மகன் பக்கத்தில் நிற்கிறானே என்று மறைக்கக் கூடாது. மூலிகை என்று பெயர் போட்டு விற்கும் பொடிகளிலும் காப்ஸ்யூல்களிலும் இதே மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. பெயர் தெரியாத ஒரு சூரணம் அரைமணி நேரத்தில் அபாரமாக வேலை செய்தால், சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவது நல்லது. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தால் அதுவும் அவசரம்தான்.

உறுப்புக்குள் ஓடும் தமனியின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத் தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படியும் நோய் உடல் முழுக்க ஒரே சமயத்தில் நடப்பது என்பதால், சின்னக் குழாய் முதலில் திணறுகிறது. இதய நோய் தெரியவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே விறைப்புக் கோளாறு வந்துவிடுவது ஆய்வுகளில் பலமுறை தெரிந்திருக்கிறது. 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்கும் நாட்டில் இது சின்னச் செய்தி அல்ல. சர்க்கரை குழாயையும் கெடுக்கிறது, நரம்பையும் கெடுக்கிறது. கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்து, எழுந்து கதவுவரை போனபிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, "டாக்டர், இன்னொரு விஷயம்..." என்று இழுப்பவர் அநேகமாக இதைத்தான் சொல்ல வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட்டால் இதயத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். 2004-ல் இத்தாலியில் உடல் பருத்த 110 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். உணவைத் திருத்தி உடற்பயிற்சி செய்த குழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மாத்திரை இல்லாமலே விறைப்பு சரியான நிலைக்குத் திரும்பியது. சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நைட்ரிக் ஆக்சைடு உருவாவதையே அது கெடுக்கிறது.

இத்தனை தெரிந்தும் நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்கள் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கின்றன. கட்டணக் கழிப்பிடத்தில் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கும் நோட்டீசை வாசிக்காமல் இருக்க முடியாது. கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சியா, சொப்பன ஸ்கலிதமா, உறுப்பு சிறுத்துவிட்டதா, திருமணத்துக்குத் தகுதியில்லையோ என்று பயமா, இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் தங்குகிறார். பாலியல் சுகத்தைக் கூட்டும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று தடைசெய்திருக்கிறது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, நோட்டீஸ் பாட்டுக்கு இருக்கிறது. இந்தச் சுவர்களுக்கு எதிராக ஒரு தலைமுறைக்குத் தைரியம் சொன்ன பெருமை விஜய் டிவியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சிக்கு உண்டு. மனநல மருத்துவர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் கேள்விகளை வாய்விட்டு வாசித்துச் சிரித்தபடியே பதில் சொன்னது, இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் பல வீடுகளில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கப்பட்டது.

நோட்டீசின் அஸ்திவாரம் ஒரே ஒரு நம்பிக்கை. விந்து என்பது ரத்தத்தின் சாரம், இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து. சோதித்துப் பார்ப்போமே. ஒருமுறை வெளியாவது சுமார் இரண்டு முதல் ஐந்து மில்லிலிட்டர். அதில் விந்தணு சில சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு, மூத்திரப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பைகள் சுரக்கும் திரவம், அணுக்களுக்குத் தீனியாகப் பழச்சர்க்கரை கலந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி ப்ராஸ்டேட்டிலிருந்து வருகிறது. மூன்று மில்லிலிட்டர் விந்தில் இருக்கும் புரதம் சுமார் 150 மில்லிகிராம், ஒரு கோழிமுட்டையில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு. விரைகள் விநாடிக்கு ஆயிரம் அணுக்களுக்கு மேல் உற்பத்தி செய்தபடி இருக்கின்றன. வெளியே போகாதவை உள்ளேயே சிதைந்து மறைகின்றன. காலவரையின்றிச் சேமித்து வைக்கக் கிடங்கு கிடையாது. தூக்கத்தில் வெளியேறுவது நோயில்லை. சுய இன்பத்தால் உறுப்பு சிறுக்காது, நரம்பு கெடாது, பிள்ளை பிறக்காமல் போகாது. வேலையையும் உறவையும் விட்டுவிட்டு அதிலேயே கிடந்தால் அது பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை. மற்றபடி அது சாதாரணம்.

இந்தப் பயத்தால் சோர்வு, முதுகுவலி, மூத்திரத்தில் வெள்ளை போகிறது என்ற கலக்கம் எல்லாம் நிஜமாகவே வருகின்றன. இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் இதற்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். இது இந்தியர்களின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். சுவிஸ் மருத்துவர் சாமுவேல் டிஸ்ஸோ 1760-ல் பிரெஞ்சில் வெளியிட்ட புத்தகம், சுய இன்பம் கண்ணையும் மூளையையும் தின்றுவிடும் என்று ஐரோப்பாவை ஒன்றரை நூற்றாண்டு நடுங்கவைத்தது. நோட்டீஸ் ஒட்டும் தொழிலுக்கு அவரைத்தான் மூலவர் என்று சொல்ல வேண்டும்.

விந்து வெளியேறுவதும் உச்ச இன்பமும் ஒன்றேதான் என்று பலரும் எண்ணுகிறோம். இரண்டும் சேர்ந்து வருவதால் வந்த குழப்பம். ப்ராஸ்டேட்டையும் விந்துப்பைகளையும் அகற்றியவர்களுக்கு ஒரு சொட்டும் வராது, உச்சம் வரும். வெளியேற்றத்தை நடத்துவது தண்டுவடம். 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் இடுப்புத் தண்டுவடத்தில் ஒரு சிறு நரம்புச் செல் கூட்டத்தை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். எலிக்கு ஆசை இருந்தது, கூடவும் செய்தது, விந்து மட்டும் வரவில்லை. மனிதனிலும் ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்த முடியாது என்று தோன்றுவதற்குக் காரணம் இந்த ஏற்பாடு. விந்து மூத்திரக் குழாயின் அடியில் வந்து சேர்ந்துவிட்டால், அப்புறம் இடுப்புத் தள தசைகள் தாங்களாகவே சுமார் 0.8 விநாடிக்கு ஒருமுறை சுருங்கித் தள்ளத் தொடங்கிவிடும். இன்பம் உணரப்படுவது மூளையில். 2003-ல் நெதர்லாந்தில் க்ரோனிங்கன் நகரில் ஹெர்ட் ஹோல்ஸ்டேகவின் குழு, உச்சத்தின்போது ஆண்களின் மூளையைப் படமெடுத்தது. டோபமைன் சுரக்கும் நடுமூளைப் பகுதி பிரகாசமாகத் தெரிந்தது. முடிந்ததும் ப்ரோலாக்டின் ஏறுகிறது, ஆசை அடங்குகிறது. மறுபடி தயாராக இருபது வயதில் சில நிமிடம் போதும், அறுபதில் ஒரு நாளும் ஆகலாம். அறுபதில் இன்னொன்றும் மாறுகிறது. நினைத்ததும் எழுந்த காலம் போய், நேரடித் தொடுகை தேவைப்படுகிறது. இது கோளாறு அல்ல என்பதைக் கணவன் மனைவி இருவருமே தெரிந்துகொண்டால் பல வீடுகளில் வீண் மனஸ்தாபம் குறையும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. மார்செல் வால்டிங்கர் என்ற டச்சு மனநல மருத்துவரின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா என்று ஐந்து நாடுகளின் 500 ஜோடிகளுக்குத் தலா ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்தார்கள். பொத்தானை அமுக்குவது பெண்ணின் வேலை. நான்கு வாரக் கணக்கில் நடுமதிப்பு 5.4 நிமிடம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தவரும் இருந்தார், முக்கால் மணியைத் தொட்டவரும் இருந்தார். ஆணுறை போட்டதால் நேரம் மாறவில்லை. அரைமணி, ஒருமணி என்று நம்பி வளர்ந்த பையனுக்கு இந்த 5.4 ஒரு மருந்து. நிஜமாகவே ஒரு நிமிடத்துக்குள் முடிந்து இருவரும் வருந்தினால் அதற்கு வழி உண்டு. ஜேம்ஸ் செமான்ஸ் என்ற மருத்துவர் 1956-லேயே எழுதியது: உச்சம் நெருங்கும்போது நிறுத்து, அடங்கியதும் தொடர், மறுபடி நிறுத்து. மாத்திரைகளும் இருக்கின்றன. நீளத்தைப் பற்றி ஒரே வரி போதும்: 2015-ல் 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்ததில் விறைத்த நிலையின் சராசரி 13.12 சென்டிமீட்டர், அதாவது ஐந்தேகால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. மருத்துவப் பணியாளர்கள் அளந்தது இது. தாங்களே அளந்து சொல்லும் அளவுகளில் அங்குலம் எப்போதும் கொஞ்சம் தாராளம்.

மறுபடி அந்த நார்அட்ரினலினுக்கு வருவோம். புதுமணத் தம்பதி, ஊரே தெரிந்துவைத்திருக்கும் முதலிரவு, கதவுக்கு வெளியே சித்திகளின் கிசுகிசு, காலையில் நண்பர்கள் கேட்கப்போகும் கேள்வி. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆணின் உடம்பில் என்ன பாயும்? ஓடவோ சண்டை போடவோ உடலைத் தயார்செய்யும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பாயும். அவை இதயத்தை வேகப்படுத்தும், கை கால் தசைக்கு ரத்தம் அனுப்பும், ஆணுறுப்பின் தசையை இறுக்கி மூடும். புலி துரத்தும்போது அது சரியான ஏற்பாடுதான். ஒருமுறை தவறினால், அடுத்த முறை உறவில் இருந்துகொண்டே ஒரு கண் தன்னைத்தானே கவனிக்கத் தொடங்குகிறது. வருகிறதா, நிற்கிறதா, போய்விடுமா என்று. அந்தக் கவனிப்பே அட்ரினலின். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றால் இன்னும் மோசமாகும். கையைத் தூக்குவது போல உத்தரவிட்டு இயக்கக்கூடிய தசையல்ல அது.

வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆய்வகம் வைத்து நூற்றுக்கணக்கான ஆண் பெண்களின் உடல்களை நேரடியாகக் கவனித்து 1966-ல் புத்தகம் போட்டவர்கள். நான்கு ஆண்டு கழித்து வந்த அடுத்த புத்தகத்தில் இந்தச் சுழலுக்கு ஒரு சிகிச்சை சொன்னார்கள். இன்றுவரை பாலியல் மருத்துவர்கள் அதைத்தான் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். முதல் விதி: உடலுறவு கூடாது. சில வாரங்களுக்குக் கண்டிப்பான தடை. அந்தரங்க உறுப்புகளையும் மார்பையும் தொடக் கூடாது. ஒருவர் படுத்திருக்க, மற்றவர் தலைமுடி, முதுகு, உள்ளங்கை, கணுக்கால் என்று தொட வேண்டும். தொடுபவர் கிளர்ச்சியூட்ட முயலக் கூடாது, விரலுக்குச் சூடாக இருக்கிறதா, சொரசொரப்பா, வழவழப்பா என்று கவனித்தால் போதும். படுத்திருப்பவர் எது இதமாக இருக்கிறது, எது கூசுகிறது என்று சொல்லலாம். பிறகு முறை மாறும். விறைப்பு வந்தால் வரட்டும், போனால் போகட்டும், அதை வைத்து எதுவும் செய்வதற்கில்லை, தடை இருக்கிறதே. அடுத்தடுத்த வாரங்களில் தொடும் இடங்கள் கூடும், தடை மட்டும் தொடரும்.

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ தம்பதி தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்யவில்லை, தடையை மீறிவிட்டோம் என்பார்கள். டாக்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, இந்த வாரமாவது விதியைக் கடைப்பிடியுங்கள் என்று சொல்லி அனுப்புவார்.